ஆற்றில் ஆலைக் கழிவு: தடுக்க வேண்டியது யார் பொறுப்பு?

ஆற்றில் நுரை பொங்குகிறது, தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்று போய்ச் சொன்னால், "எழுத்து மூலம் புகார் வரவில்லையே" என்று சில இடங்களில் பதில் வரும். புகார் வந்த பிறகுதான் அசைய வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஆலைகளைக் கண்காணிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அன்றாட வேலை.

கழிவுநீர் வெளியேற்றும் ஆலையைத் தொடங்கவே வாரியத்தின் இசைவாணை, அதாவது எழுத்து மூல அனுமதி, வேண்டும். பிறகு இயக்குவதற்குத் தனியாக ஒன்று. எவ்வளவு நீரை, எங்கே, எந்தத் தரத்தில் விடலாம் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். இவற்றை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர்கள் அதைப் பார்வையிடலாம் என்று 25-வது பிரிவே சொல்கிறது. பலருக்கு இது தெரியாது. புகார் எழுதும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

நிபந்தனையை மீறினால், 33-ஏ பிரிவின்படி ஆலையை மூடவும் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். ஆக, அதிகாரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் நொய்யலில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை பாழான விவகாரத்தில், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்? பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விசாரணையைத் தொடங்கிவைக்க அது உதவும். ஆனால் ஆலைக்கு எதிரான வழக்கில் வாரியத்தின் ஆய்வு முடிவு நிற்க வேண்டுமென்றால், 21-வது பிரிவின்படி மாதிரி எடுத்திருக்க வேண்டும். ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆலைத் தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்தான். அதனால் கழிவு திறந்துவிடப்படும் நேரம், இடம், குழாய் இவற்றைப் படத்தோடு குறிப்பிட்டு, அந்த நேரத்திலேயே வந்து 21-வது பிரிவின்படி மாதிரி எடுக்கும்படி வாரியத்தின் மாவட்ட அதிகாரியான மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள்.

அப்புறமும் அசையவில்லையா? சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே மனு போடலாம். தடுப்பு உத்தரவு கேட்பதென்றால் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பயிருக்கோ கிணற்றுக்கோ இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம்.