கந்தனக்காய்க்குள் ஓர் அம்மி

நாட்டுக்கோழி அடிக்கும் வீட்டில் கந்தனக்காய், அதாவது கோழியின் இரை அரைக்கும் பை, யாருக்கு என்று சண்டை நடக்கும். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பது கழுவிச் சுத்தம் செய்பவருக்குத்தான் தெரியும். கத்தியால் கீறினால் பாதி அரைபட்ட சோளமும் பொடிக்கற்களும் கொட்டும். உட்புறம் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான மஞ்சள் தோலை நகத்தால் நெம்பினால் ஒரே உரியாக வந்துவிடும். அந்தத் தோல்தான் அம்மிக்கல். சுரந்து இறுகி, தேயத் தேயப் புதிதாக வளரும். பித்தநீர் மேலேறி வந்து படிவதால் மஞ்சள் நிறம்.

பறவையின் வயிற்றில் இரண்டு அறைகள். முதல் அறை அமிலமும் செரிமான நீரும் சுரக்கும். அடுத்தது அரைவைப்பை, அதாவது நம் கந்தனக்காய். தின்னும் இரையைப் பொறுத்து இந்த இரண்டாவது அறை எவ்வளவோ மாறிவிடும். புறாவுக்கும் மயிலுக்கும் பல் கிடையாது, தின்பதோ காய்ந்த தானியம். அதனால் அவற்றுக்குச் சதை தடித்த அரைவைப்பை, கூடவே விழுங்கி வைத்த கற்கள்.

பருந்துக்குக் கல்லும் வேண்டாம், தடித்த சதையும் வேண்டாம். செரிமானம் என்பது அரைப்பதா கரைப்பதா என்று ஐரோப்பாவில் நெடுநாள் வாக்குவாதம் நடந்தபோது, பிரான்ஸின் விஞ்ஞானி ரியோமூர் ஒரு பருந்தை வைத்துத்தான் அதைச் சோதித்தார். 1752இல் வெளியிட்ட சோதனை அது. பருந்து செரிக்காததைக் கக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து விழுங்கக் கொடுத்தார். கக்கிய குழாய் நசுங்கவில்லை, உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. பிறகு இத்தாலியின் விஞ்ஞானி ஸ்பலன்சானி கோழிக்குக் கண்ணாடித் துண்டுகளையே கொடுத்துப் பார்த்தார். கண்ணாடிதான் முனை மழுங்கியது, வயிற்றில் கீறல்கூட இல்லை. (கோழியிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.)

கூகையும் இறைச்சி தின்னிதான், ஆனால் அதன் அமிலம் பருந்தினுடையதைவிட வீரியம் குறைந்தது. எலியின் சதை கரையும், எலும்பு பெரும்பாலும் கரையாது. எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். கூகை தங்கும் பாழடைந்த கட்டடத்தின் தரையில் அந்த உருண்டை கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். எலியின் மண்டை ஓடு பல்லோடு முழுசாகக் கிடைக்கும்.

மீன் தின்னிகளுக்கு வேறு தொல்லை, முள். பாம்புத்தாராவின் வயிறு குடலோடு சேரும் வாசலில் மயிர் போன்ற இழைகள் அடர்ந்திருக்கும். முள் அதைத் தாண்டிக் குடலுக்குள் போகாது. முக்குளிப்பானுக்கு அப்படி வடிகட்டி இல்லை. அது தன் இறகையே பிய்த்துத் தின்று அடைப்பு வைத்துக்கொள்கிறது, குஞ்சுக்கும் ஊட்டுகிறது.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் புல்லுருவிக் குருவி. நம் மாந்தோப்பில் திரியும் பூக்கொத்திகளுக்குச் சொந்தம். அதன் அரைவைப்பை நேர்வழியில் இல்லாமல் ஓரமாகத் தொங்கும் சின்னப் பையாகிவிட்டது. பூச்சி தின்றால் அந்தப் பைக்குள் போய் அரைபடும். புல்லுருவிப் பழம் தின்றால் பைக்குள் நுழையாமல் நேரே குடலுக்கு. விதை அரை மணிக்குள் பிசுபிசுவென்று வெளியே வந்து கிளையில் ஒட்டிக்கொள்ளும். புல்லுருவிக்கு வேண்டியதும் அதுதானே.

இந்த அளவெல்லாம் பிறவியிலேயே முடிவாகிவிடுவதும் இல்லை. ரெட் நாட் என்கிற கடற்கரை உள்ளான் சிப்பிகளை ஓட்டோடு விழுங்கி வயிற்றில் நொறுக்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் உயிருள்ள பறவைகளுக்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மெத்தென்ற தீவனம் கொடுத்தால் அரைவைப்பை சுருங்கியது. மறுபடி சிப்பிக்கு மாற்றினால் சுமார் ஒரு வாரத்தில் வளர்ந்துவிட்டது. அரைவைப்பை சின்னதாக இருக்கும் நாட்களில் அந்தப் பறவை கெட்டி ஓட்டுச் சிப்பியை விட்டுவிட்டு மெல்லிய ஓட்டு இரையாகப் பார்த்துப் பொறுக்குகிறது.