முப்பது ஸ்பின்னுக்கே மூச்சு வாங்கும் கணினி

எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. அளந்து பார்த்தால் மேல் அல்லது கீழ், இரண்டில் ஒன்றுதான் விடையாக வரும். இரண்டு எலக்ட்ரான் என்றால் மேல்-மேல், மேல்-கீழ், கீழ்-மேல், கீழ்-கீழ் என நான்கு வாய்ப்புகள். குவாண்டம் விதிப்படி இந்த நான்கும் ஆளுக்கொரு எடையோடு கலந்தே இருக்கலாம். ஆகவே கணினியில் நான்கு எண்களை எழுதிவைக்க வேண்டும். மூன்று ஸ்பின்னுக்கு எட்டு. ஸ்பின் ஒன்று கூடினால் பட்டியல் இரட்டிப்பாகிறது.

30 ஸ்பின்னில் பட்டியல் 107 கோடியைத் தொடும். எண்ணுக்கு 16 பைட் என்றால் சுமார் 17 ஜிபி நினைவகம். நல்ல லேப்டாப் ஒன்று திணறித் திணறிச் சமாளித்துவிடும். 40 ஸ்பின்னுக்கு அதைப்போல 1,024 மடங்கு. 50 என்றால் சுமார் 18,000 டெராபைட். 300-க்குப் போனால் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களைவிட எண்கள் அதிகம். காசைக் கொட்டிப் பெரிய கணினி வாங்கினால் தீர்கிற பிரச்சினை இல்லை இது.

துகள்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தால் தனித்தனியாகக் கணக்குப் போட்டு முடித்துவிடலாம். பக்கத்து ஸ்பின்னைப் பொறுத்தே இதன் நிலை என்று வரும்போதுதான் வில்லங்கம்.

சரி, பட்டியலில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்தால்? 1975-இல் இயற்பியலாளர் கென்னத் வில்சன் உலோகத்துக்குள் சிக்கிய ஒற்றைக் காந்த அணுவுக்கு அப்படிச் செய்து ஜெயித்தார். சிறு துண்டுக்குக் கணக்குப் போட்டு, ஆற்றல் குறைந்த நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, துண்டைப் படிப்படியாக நீட்டுவது அவர் வழி. அதே வழி, ஸ்பின்களை வரிசையாகக் கோத்த ஸ்பின் சங்கிலிகளில் சொதப்பியது.

வில்சனிடம் பயின்ற ஸ்டீவன் வைட், ரைன்ஹார்ட் நோவாக்குடன் சேர்ந்து 1992-இல் இதைத் துருவினார். எடுத்துக்கொண்டது பாடப்புத்தகக் கணக்கு: பெட்டிக்குள் ஒரே ஒரு துகள். வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அழுத்திப் பிடித்தால் இரண்டு பாதியும் தனித்தனியாக அதிரும், நடுப்புள்ளி அசையாது. கையை எடுத்தால் முழுத் தந்தி அதிகம் ஆடுவதே அந்த நடுப்புள்ளியில்தான். பாதிப் பெட்டிகளின் தாழ்ந்த ஆற்றல் அலைகளும் ஒட்டும் இடத்தில் பூஜ்யமாகவே நிற்கின்றன. அவற்றில் சிலவற்றை மட்டும் ஒட்டி முழுப் பெட்டியின் அலையைச் செய்ய முடியாது.

வைட் கண்ட தீர்வு, துண்டைத் தனியாக எடைபோடாமல் பெரிய சங்கிலியின் பகுதியாகவே வைத்துப் பார்ப்பது. முதலில் பெரிய சங்கிலியின் அடிநிலையை, அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையை, கண்டுபிடி. அதில் இந்தத் துண்டின் எந்தெந்த நிலைகளுக்குப் பங்கு அதிகம் என்று அடர்த்தி அணி (density matrix) என்னும் எண் அட்டவணை சொல்லும். பங்கு அதிகமுள்ளவற்றை வைத்துக்கொள், மற்றதை விடு. ஆற்றல் இங்கே அளவுகோலே இல்லை. டி.எம்.ஆர்.ஜி. (density matrix renormalization group) என்று இன்று எல்லோரும் சொல்லும் முறை இதுதான். ஸ்பின்-1 சங்கிலியில் (இதில் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் இரண்டல்ல, மூன்று விடைகள்) அடிநிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே ஆற்றல் இடைவெளி இருக்கும் என்று டங்கன் ஹால்டேன் 1983-இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1993-இல் வைட்டும் டேவிட் ஹியூஸும் அந்த இடைவெளியை, பக்கத்து ஸ்பின்களின் பிணைப்பு வலிமையை 1 என்று வைத்து, 0.41050 என்று ஐந்து தசம இடம் வரை கணக்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவை எறிந்தும் விடை எப்படித் தப்புகிறது? சங்கிலியை எங்கே வெட்டினாலும் வெட்டு ஒரு புள்ளிதான். ஆற்றல் இடைவெளி இருந்தால், இரு பக்கத்துக்கும் இடையிலான குவாண்டம் பின்னல் (ஒன்றின் நிலை மற்றதைப் பொறுத்திருப்பது) அந்தப் புள்ளியருகே அடங்கிவிடும். சங்கிலி நீண்டாலும் அது அதிகமாகாது. மேத்யூ ஹேஸ்டிங்ஸ் 2007-இல் இதை நிரூபித்தார். ஸ்பின்கள் சங்கிலியாக இல்லாமல் தகடாகப் பரவியிருந்தால் வெட்டு ஒரு கோடாகிவிடுகிறது. அகலம் கூடக் கூடச் செலவு மறுபடியும் மடங்கு மடங்காக ஏறும். ஆகவே இன்றும் பெரும்பாலும் குறுகலான பட்டைகளைத்தான் இந்த முறையில் கணக்கிடுகிறார்கள்.

2023 ஜூனில் ஐபிஎம் தன் குவாண்டம் கணினியின் 127 க்யூபிட் (ஸ்பின் போலவே இரு நிலை கொண்ட அலகு) சில்லில் ஒரு காந்த மாதிரியை ஓட்டி, சாதாரணக் கணினிக்கு இது எட்டாது என்கிற தொனியில் முடிவுகளை வெளியிட்டது. சில வாரங்களிலேயே வேறு குழுக்கள் சாதாரணக் கணினிகளில் அதே கணக்கைப் போட்டுக் காட்டின. எனக்கென்னவோ இந்தப் பதிலடிதான் அதிகம் பிடித்தது. சில்லின் இணைப்பு வரைபடத்தையே கணக்கின் வடிவமாக எடுத்துக்கொண்டதுதான் ஒரு குழுவின் சூட்சுமம்: அதில் எந்த க்யூபிட்டுக்கும் மூன்றுக்கு மேல் அண்டை கிடையாது.