நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி கட்டும் முன்

போன மாதம் ஓர் அம்மா தன் மகனுடைய கிட்டாரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து, கூடவே முன்பக்க டாப் பலகையின் நாரும் உரிந்து வந்திருந்தது. கழுத்துப் பகுதியான நெக் வில்லாக வளைந்திருந்தது. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. "கம்பி மாத்தினா சத்தம் கணீர்னு வரும்னு சொன்னாங்க சார். மாத்துன ரெண்டாவது வாரமே இப்படி ஆயிடுச்சு" என்றார். அது நைலான் நரம்புக்கென்று செய்த கிட்டார். அதில் கட்டியிருந்தது ஸ்டீல் கம்பி.

கிட்டார் பழுதுபார்க்கும் என் மேசைக்கு இப்படி ஒன்று அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை, ஏனென்றால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய சேதம். நைலான் நரம்புகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ அளவுக்கு இழுக்கும். ஸ்டீலில் லைட் செட் எனும் மெல்லிய கம்பிகளைப் போட்டாலே அது 70 கிலோவைத் தாண்டும். யாரும் வாசிக்காமல் மூலையில் சாத்தி வைத்திருந்தாலும் அந்த இழுவை ராப்பகலாக இருந்துகொண்டே இருக்கும். தாங்கி நிற்பதோ சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பலகை.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் சொல்வது மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிட்டார் கம்பெனியின் கதை. தந்தி இழுக்க, மரம் தாங்க, அந்தக் கம்பெனியின் வரலாறு முழுக்க இந்த மல்லுக்கட்டுதான்.

கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் மார்ட்டின் 1796-ல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், மார்க்நொய்கிர்ஷன் என்ற ஊரில் பிறந்தவர். வியன்னாவில் யோஹான் ஸ்டௌஃபரிடம் கிட்டார் செய்யக் கற்றார். ஊரில் வயலின் செய்பவர்களின் சங்கத்துக்கும் மரச்சாமான் செய்யும் தச்சர்களின் சங்கத்துக்கும், கிட்டார் செய்யும் உரிமை யாருக்கு என்று தீராத வழக்கு. மார்ட்டின் குடும்பம் தச்சர் பக்கம். இழுபறி பொறுக்காமல் 1833-ல் நியூயார்க் போய் ஹட்சன் தெருவில் கடை போட்டார். சில ஆண்டுகளிலேயே பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். கம்பெனி இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கிட்டாரில் ஆட்டுக்குடல் நரம்புதான். இழுவை குறைவு. 1840-களில் மார்ட்டின், டாப்புக்கு அடியில் ஒட்டும் தாங்குசட்டங்களை எக்ஸ் வடிவில் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். குடல் நரம்புக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. ஆனால் எண்பது வருஷம் கழித்து ஸ்டீல் கம்பி வந்தபோது, அதைத் தாங்க ஏற்ற அமைப்பு மார்ட்டினிடம் தயாராக இருந்தது. இன்று உலகில் விற்கும் ஸ்டீல் கம்பி அகூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இந்த எக்ஸ்தான் இருக்கிறது. என் தொழிலில் இதைவிடப் பெரிய யோசனை வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஸ்டீல் வந்த வழி ஹவாய் இசை. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை மோகம். உகுலேலே என்ற சின்ன நாலு தந்திக் கருவி மட்டுமே ஆயிரக்கணக்கில் போக, மார்ட்டின் தொழிற்சாலையும் பெரிதானது. 1922-ல் 2-17 என்ற மாடலை ஸ்டீல் கம்பிக்கென்றே செய்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலான மாடல்கள் ஸ்டீலுக்கு மாறின. இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அவர்கள் பழைய கிட்டாரில் வெறுமனே கம்பியை மாற்றிக் கட்டிக் கொடுக்கவில்லை. டாப்பையும் சட்டங்களையும் பலப்படுத்தினார்கள். 1934-லிருந்து நெக்குக்குள் எஃகுப் பட்டையே வைத்தார்கள்.

ட்ரெட்நாட் என்ற பெரிய உடம்புக் கிட்டாரும் இந்தக் காலத்தின் பிள்ளைதான். பாஸ்டனின் டிட்சன் கம்பெனிக்காக 1916-ல் செய்தது. பெயர் பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது. 1931-ல் மார்ட்டின் தன் சொந்தப் பெயரிலேயே அதை விற்கத் தொடங்கியது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பெரிய கிட்டார்களில் பாதிக்கு மேல் அதன் சாயல்தான்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1930-களின் மார்ட்டின்களில் தாங்குசட்டங்களை நடுவில் குழிவாகச் செதுக்கி எடையைக் குறைத்திருப்பார்கள். டாப் சுதந்திரமாக அதிரும், ஒலி விரிந்து வரும். வாசிப்பவர்கள் சத்தம் இன்னும் வேண்டுமென்று தடித்த கம்பியாகக் கட்டினார்கள். டாப்புகள் உப்பின, பழுதுக்கு வந்தபடி இருந்தன. கடைசியில் 1944-ல் குழிவான சட்டத்தையே கைவிட்டுவிட்டது கம்பெனி. கிட்டார் உறுதியானது, ஒலி கொஞ்சம் இறுகிப்போனது. பழைய ஒலியைக் கேட்டு வாடிக்கையாளர்கள் விடாமல் நச்சரித்ததால்தான் 1976-ல் ஹெச்டி-28 மாடலில் அது திரும்பி வந்தது. அத்தனை அனுபவமுள்ள கம்பெனியையே தவறான கம்பி முப்பது வருஷம் பின்வாங்க வைத்தது என்றால், ஐயாயிரம் ரூபாய்க் கிட்டார் எம்மாத்திரம்?

வளர்ச்சி நேர்கோடாகவும் இல்லை. 1971-ல் ஆண்டுக்கு 22,000-க்கு மேல் கிட்டார் செய்தவர்கள், 1982-ல் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கினார்கள். 1986-ல் ஆறாம் தலைமுறை கிறிஸ் மார்ட்டின் பொறுப்பேற்ற பிறகே மீண்டார்கள். 2004-ல் பத்து லட்சமாவது கிட்டார் வெளிவந்தது.

நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பக்கப் பலகைக்கும் முதுகுக்கும் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்திவந்த மார்ட்டின், பிரேசில் மரக்கட்டை ஏற்றுமதியைத் தடுத்ததும் 1969 முடிவில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் நம் தோதகத்தி. நீலகிரிப் பக்கம் ஈட்டி என்பார்கள். பிரேசில் மரத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1992 முதல் கடும் தடை இருக்கிறது. ஆகவே "பழைய பிரேசில் ரோஸ்வுட்" என்று யாராவது வெளிநாட்டிலிருந்து தருவித்துத் தருவதாகச் சொன்னால், சட்டப்படியான அனுமதிக் காகிதம் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கிட்டாருக்கு வருவோம். முதலில் பிரிட்ஜைப் பாருங்கள். தந்தியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தால் அது நைலான் கிட்டார். சிறு ஆணிபோன்ற பின்களைக் குத்தித் தந்தியை இறக்கியிருந்தால் ஸ்டீல் கிட்டார். நைலான் கிட்டாரின் நெக் அகலமாக, ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்டீலுடையது 43, 44 மில்லிமீட்டர்தான். ஸ்டீல் கிட்டாரிலும் 12-லிருந்து 54 வரையுள்ள லைட் செட் போதும் (இந்த எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அதற்குமேல் தடித்ததைக் கட்டுவதென்றால் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று பாருங்கள்.

அந்த அம்மாவின் கிட்டாரில் உரிந்த நாரைத் திரும்ப ஒட்டி, பிரிட்ஜைப் பதித்து, நைலான் நரம்பு கட்டிக் கொடுத்தேன். நெக் முழுதாக நிமிரவில்லை. நெக்கில் பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளில், மேல் பக்கம் வாசிக்கக் கொஞ்சம் சிரமப்படும்.

ஏற்கெனவே தவறான கம்பி கட்டிவிட்டீர்களா? பிரிட்ஜுக்குப் பின்னால் டாப்பின் மேல் ஓர் ஸ்கேலைக் குறுக்காக வையுங்கள். லேசான மேடு எந்தக் கிட்டாரிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்கேல் ஊஞ்சல்போல் நன்றாக ஆடினாலோ, பிரிட்ஜின் பின்விளிம்புக்குள் ஒரு தாள் நுழைந்தாலோ, அன்றைக்கே ஆறு தந்தியையும் தளர்த்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.