நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

இரவு பதினோரு மணி இருக்கும். எமர்ஜென்சியில் மூன்றாவது கட்டிலில் இருந்த பெரியவர் சர்க்கரை இறங்கி மயங்கி வந்தவர். குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து மகனிடம் காபி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று மானிட்டர் கத்த ஆரம்பித்தது, திரையில் பச்சைக் கோடு நேராக ஓடியது. மகன் ஓடிவந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "டாக்டர், அப்பாவுக்கு ஷாக் கொடுங்க, சீக்கிரம் ஷாக் கொடுங்க!" பெரியவர் தலையைத் தூக்கி, "யாருக்குடா ஷாக்?" என்றார். ஒருக்களித்துப் படுத்ததில் மார்பில் ஒட்டியிருந்த ஒயர் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். சிஸ்டர் வந்து மறுபடி ஒட்டிவிட்டுப் போனார்.

அந்த மகனைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்து சினிமா பார்த்து வளர்ந்த யாரும் அப்படித்தான் கத்துவார்கள். டிங் டிங் என்று போய்க்கொண்டிருந்த சத்தம் 'டீ...' என்று நீளும், டாக்டர் இஸ்திரிப் பெட்டி மாதிரி இரண்டைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தேய்ப்பார், நெஞ்சில் வைத்ததும் உடம்பு ஒரு அடி துள்ளும், மூன்றாவது தடவை கோடு மெல்ல மேலெழும்பும். அல்லது எழும்பாது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். எது நடக்கும் என்பது படுத்திருக்கிற நடிகரின் சம்பளத்தைப் பொறுத்தது.

இதில் இருக்கும் கருவி நிஜம், பெயர் டிஃபிப்ரிலேட்டர். ஆனால் நேர்கோட்டுக்கு அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தினாலும் பலன் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஷாக் கொடுப்பது நின்ற இதயத்தை ஓடவைக்க என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது இதயத்தை ஒரு நொடி நிறுத்துவதற்கு. கல்யாண மண்டபத்தில் நாற்பது பேர் மேளம் வாசிக்கிறார்கள் என்று வையுங்கள், ஆளுக்கொரு தாளத்தில் அடித்தால் சத்தம் வரும், பாட்டு வராது. இதயத் தசைகள் அப்படித் தாறுமாறாக நடுங்கும் நிலைக்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அப்போது மானிட்டரில் தெரிவது நேர்கோடு இல்லை, குழந்தை கிறுக்கிய மாதிரி ஒரு கோடு. ஷாக் என்பது மண்டபத்தின் நடுவே நின்று "எல்லாரும் நிறுத்துங்கடா!" என்று ஒரு கத்து. எல்லோரும் நிறுத்தினால், இதயத்துக்குள்ளேயே இருக்கும் தாளக்காரர் முதலிலிருந்து ஆரம்பிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். நேர்கோடு என்றால் மண்டபமே காலி. காலி மண்டபத்தில் நின்று கத்தி என்ன ஆகப் போகிறது? அப்போது நாங்கள் முதலில் ஒயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்போம், கழுத்தில் நாடி பார்ப்போம், அப்புறம் நெஞ்சை அழுத்துவோம், அழுத்திக்கொண்டே இருப்போம், மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் ஊசி போடுவோம், என்ன காரணம் என்று தேடுவோம். ஏ.இ.டி. என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, விமான நிலையம் மாதிரி இடங்களில் பார்த்திருப்பீர்கள், சாதாரண மனிதர்கள் பயன்படுத்தத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மார்பில் ஒட்டினால் அதுவே கோட்டைப் படித்துப் பார்க்கும், நேர்கோடாக இருந்தால் ஷாக் வேண்டாம் என்று சொல்லிவிடும். நீங்கள் எவ்வளவு படம் பார்த்திருந்தாலும் அது மசியாது.

இந்தக் கருவி வந்த கதையே ஒரு படத்துக்குக் காணும். 1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், அறுவை சிகிச்சையின்போது இதயம் இப்படித் தாறுமாறாக நடுங்கிய 14 வயதுப் பையனுக்கு, திறந்த நெஞ்சுக்குள் நேரடியாக இதயத்தின்மேல் மின்சாரம் கொடுத்து உயிரோடு மீட்டார். அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவென்ஹோவன் குழுவினர் நாய்களை வைத்து, நெஞ்சைத் திறக்காமல் ஷாக் கொடுக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் ஒன்றைக் கவனித்தார். அந்தக் கனமான தட்டுகளை நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்பே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது! அங்கிருந்துதான் வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தும் முறை வந்தது, 1960-ல் கட்டுரையாக வெளியானது. இதற்கு இரண்டு கைகள் போதும் என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

ஆனால் அந்த இரண்டு கைகளைத்தான் சினிமா சரியாகக் காட்டுவதில்லை. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நிஜத்தில் முழங்கையை மடக்காமல், தோளிலிருந்து உடம்பின் பாரம் முழுக்க இறங்க, நெஞ்செலும்பு 5 முதல் 6 சென்டிமீட்டர் உள்ளே போகும் அளவுக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். துடிக்கிற இதயத்தோடு படுத்திருக்கும் நடிகரை இப்படி அழுத்தினால் படப்பிடிப்பிலிருந்து எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். அதனால் முழங்கையை மடக்கி, மாவு பிசைகிற மாதிரி லேசாக ஆட்டுகிறார்கள். நான்கு ஆட்டு, ஒரு "எழுந்திருடா" வசனம், கண் திறந்துவிடும். பார்க்கிறவர் மனதில் நிற்பது மாவு பிசைவதுதான்.

1996-ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்க டிவி தொடர்களில் வரும் சி.பி.ஆர். (இப்படி நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது) காட்சிகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள், அதில் நான்கில் மூன்று பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புவது அமெரிக்காவிலேயே சுமார் பத்தில் ஒருவர்.

இந்த இடைவெளியில்தான் நாங்கள் அடி வாங்குகிறோம், சில சமயம் நிஜமாகவே. நாற்பது நிமிடம் மாறி மாறி அழுத்தி, வேர்த்து வழிந்து வெளியே வந்து "முடியலைங்க" என்று சொன்னால், "ஷாக் கூட வைக்கலையே" என்பார்கள். இன்னொரு பக்கம், 2002-ல் வந்த ரமணாவில் இறந்தவர் உடம்புக்கு வைத்தியம் பார்ப்பதாக நடித்துப் பணம் பிடுங்கும் மருத்துவமனைக் காட்சி. அப்படி ஏமாற்றுகிறவர்கள் எங்குமே இல்லை என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வென்டிலேட்டர் என்று வாயைத் திறந்தாலே கூட வந்த உறவினர் கண்ணில் அந்தக் காட்சி ஓடுவது எனக்குத் தெரிகிறது. அதனால் எல்லாம் முடிந்ததும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, நேராக ஓடும் அந்தக் கோட்டைக் காகிதத்தில் உறவினருக்குக் காட்டிவிட்டு ஃபைலில் வைப்போம். சினிமாவில் நேர்கோடு வந்தால் இனிமேல்தான் கதை. எங்களுக்கு அது கடைசித் தாள்.

சரி, மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால் நடப்பதுதான் இதைவிட முக்கியம்.

படத்தில் அப்பாவுக்குக் கெட்ட செய்தி வரும், இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார், அதுதான் மாரடைப்பு. எங்களிடம் வருகிற மாரடைப்பில் பாதி நடந்தே வருகிறது, சிலர் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டே வருகிறார்கள். நெஞ்சின் நடுவே பாரம், தாடையில் வலி, கை குடைச்சல், சட்டை நனைகிற வியர்வை. "வாயுதான் டாக்டர், நேத்து பரோட்டா சாப்பிட்டேன்" என்பார்கள், வரும் வழியில் சோடா குடித்து மூன்று மணி நேரம் போயிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரும். வாயுவா இல்லையா என்பதை ஈ.சி.ஜி. சொல்லட்டும், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் முதல்கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து 108-ல் அனுப்புகிறார்கள்.

மாரடைப்பு என்பது ரத்தக் குழாய் அடைப்பு, ஆள் பேசிக்கொண்டிருப்பார். இதயம் நின்றுபோவது வேறு, தாறுமாறாக நடுங்கி ரத்தத்தைத் தள்ளாமல் போவதும் இதில் சேர்த்திதான். மாரடைப்பு அதில் போய் முடியலாம், முடியாமலும் போகலாம். நின்றுவிட்டால் ஆள் விழுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சு இருக்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விழுந்தவுடன் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும், மூளைக்கு ரத்தம் போகாததால். உடனே கூட்டத்தில் ஒருவர் "வலிப்புப்பா" என்று சொல்ல, இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். (வலிப்பாகவே இருந்தாலும் சாவிக்கு ஒரு வேலையும் இல்லை, இதுவும் படங்கள் வளர்த்துவிட்டதுதான்.) மீன் வாயைத் திறக்கிற மாதிரி அவ்வப்போது ஒரு இழுப்பு வரும், அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று நின்றுவிடுவார்கள். அது மூச்சு இல்லை. யாராவது முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் சோடா ஊற்றுவார்கள். அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது, 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் நெரிசலில் சில நிமிடங்கள் ஆகத்தான் செய்யும்.

நடிக்காத ஒரு காட்சி பார்க்க வேண்டுமென்றால், 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், டென்மார்க்–ஃபின்லாந்து கால்பந்து ஆட்டம். டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் இடிக்காமலே சரிந்தார். சக வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, உள்ளே உடனே அழுத்த ஆரம்பித்துவிட்டார்கள், ஒரே ஒரு ஷாக்கில் திரும்பி வந்தார். தாளம் தப்பிய இதயம் என்பதால் ஷாக் வேலை செய்தது, அதுவரை அழுத்திய கைகள் இருந்ததால் மூளை பிழைத்தது.

திரையே நல்ல வாத்தியாராகவும் இருக்க முடியும். 2012-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், படங்களில் அடியாளாக வரும் வின்னி ஜோன்ஸை வைத்தே, வாயோடு வாய் வைத்து ஊதாமல் கையால் மட்டும் அழுத்தச் சொல்லி ஒரு விளம்பரம் எடுத்தது. நம் ஊரிலும் மயக்கவியல் மருத்துவர்கள் இப்படி அழுத்த மட்டும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நடத்துகிறார்கள். நம்முடைய பெரிய ஹீரோ ஒருவர் ஒரே ஒரு படத்தில் முழங்கையை மடக்காமல் அழுத்திக் காட்டினால், நான் வருடம் முழுக்க எடுக்கும் வகுப்புகளைவிட அதிகம் பேருக்குப் போய்ச் சேரும். பொம்மைமேல் அழுத்தி, கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும், யாருக்கும் விலா உடையாது.

போன மாதம் எங்கள் மருத்துவமனைக்கு எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் கேட்டார், "எலும்பு உடைஞ்சா சார்?" உடையலாம், பிழைத்தவருக்கு எலும்பு கூடிவிடும் என்றேன். அடுத்தவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார், முதல் பத்து அழுத்தலும் மாவு பிசைகிற கணக்குதான். கையை நேராக்கிவிட்டேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தார்.

"படத்துல ஹீரோவுக்கு வேர்க்கவே இல்லியே டாக்டர்?"

"அழுத்துங்கண்ணே, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."