டெரெய்ன்: கலமும் களமும்

கடற்கொள்ளையர் பொம்மைகளை வைத்து மேசையில் போர் ஆடுகிறவர்கள் கூடினால், பேச்சு பெரும்பாலும் பொம்மைகளைப் பற்றி இருக்காது. "டெரெய்ன் யார் கொண்டுவருகிறீர்கள்?", "இந்த மேசைக்கு டெரெய்ன் பத்தாது", "அந்தப் பீப்பாய் டெரெய்னா, சும்மா அழகுக்கா?" என்றுதான் போகும். மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். இந்தச் சொல்லின் பொருளே அதில் அடங்கியிருக்கிறது.

விளையாட்டு மேசையில் டெரெய்ன் என்றால், ஆட்ட விதிகளில் ஏதாவது ஒரு வேலை செய்கிற பொருள். குன்று, மதில், குடிசை, படகுத்துறை, புதர், சேறு எல்லாம் இதில் சேரும். பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைச் சுடுவது கடினம் என்று விதி சொன்னால், பீப்பாய் டெரெய்ன். கூரைமேல் ஒட்டிய பஞ்சவர்ணக்கிளியால் யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்றால் அது வெறும் அலங்காரம். ஒரு பொருள் நான்கு வழிகளில் வேலை செய்யலாம்: மறைவு தரலாம், நடையைத் தடுக்கலாம், பார்வையை மறைக்கலாம், ஏறி நிற்க உயரம் தரலாம். இவற்றில் எதையும் செய்யாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆட்டத்துக்கு வெளியேதான். சிலர் இதையே 'சீனரி' என்று சொல்வதுண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. காட்சி என்றால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே அதற்குள் புகுந்து, ஏறி, ஒளிந்து, வழுக்கி விழ வேண்டியிருக்கிறது.

சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து, 18-ம் நூற்றாண்டில். அப்போது அதற்கிருந்த முதல் பொருள் கொஞ்சம் வேடிக்கையானது: குதிரை பழக்கும் திடல். (பழந்தமிழில் அப்படியொரு இடத்துக்குச் செண்டுவெளி என்ற பெயர் உண்டு.) அப்புறம்தான் மேடு பள்ளங்களோடு சேர்த்துப் பார்க்கப்படும் நிலம் என்ற பொருள் வந்தது, படை நடத்துகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுச் சொல்லுக்குத் தாய் லத்தீன் 'டெர்ரா', அதாவது மண், தரை. அதற்கும் அடியில் இருக்கும் வேரின் பொருள் 'உலர்தல்'. சமஸ்கிருதத்தில் தாகத்தைக் குறிக்கும் 'திருஷ்ணா' அதே வேரில் முளைத்தது. வாட்டி எடுத்த ரொட்டியான 'டோஸ்ட்'டும் அதே குடும்பம்தான். ஆக, டெரெய்ன் என்றால் அடி ஆழத்தில் 'காய்ந்த இடம்'. கடல் அல்லாதது.

இதைக் கொண்டுபோய்க் கடற்கொள்ளையர் ஆட்டத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். அதற்கு முன் இந்தப் பொருள் மேசைக்கு ஏறிய கதை.

1780-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் யோஹான் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தைப் போர்ப் பயிற்சியாக மாற்றினார். பலகையின் கட்டங்களுக்கு மலை, காடு, சதுப்பு, நீர் என்று நிறங்கள் கொடுத்தார். சதுரங்கத்தில் எல்லாக் கட்டமும் ஒன்றுதான்; இவருடைய பலகையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதும் கணக்கில் வந்தது. 1812-ல் பிரஷ்ய மன்னருக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு பெரிய மேசையையே செய்து கொடுத்தார். அதன்மேல் நிலத்தோற்றம் தீட்டிய பீங்கான் சில்லுகளை வேண்டிய விதமாக அடுக்கிக்கொள்ளலாம். இன்று துண்டு துண்டாக மாற்றி அடுக்குகிற டெரெய்ன் பலகை என்று விற்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான். அவருடைய மகன் 1824-ல் சில்லுகளை விட்டுவிட்டு 1:8000 அளவுள்ள வரைபடத் தாளுக்கு மாறினார். ராணுவத்துக்கு அது வசதி. பொம்மைப் பிரியர்களுக்கு அது நட்டம் என்பேன்.

1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கு விதிகள் எழுதினார். அவர் மேசை நிலத்துக்குப் பயன்படுத்திய சொல் டெரெய்ன் அல்ல. 'நாடு' என்ற பொருள் தரும் எளிய ஆங்கிலச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். விதியும் அழகானது: ஒருவர் நாட்டை அமைக்க வேண்டும், எந்தப் பக்கம் நின்று போரிடுவது என்பதை மற்றவர் தேர்ந்தெடுப்பார். ஒருவன் பங்கு வைக்க இன்னொருவன் முதலில் எடுப்பது போலத்தான். அமைப்பவர் தனக்குச் சாதகமாக ஒரு மூலையில் கோட்டை கட்டினால், எதிராளி அந்த மூலையையே எடுத்துக்கொள்வார். இன்றைக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது.

சரி, தமிழுக்கு வருவோம். அகராதியைப் புரட்டினால் நிலப்பரப்பு, நிலத்தோற்றம், தரையமைப்பு என்றெல்லாம் கிடைக்கும். புவியியல் பாடத்துக்கு இவை போதும். மேசைக்கு வந்தால் முதல் சிக்கல், எண்ணிச் சொல்ல முடியாது. "நாலு நிலப்பரப்பு எடுத்து வை" என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டாவது சிக்கல்தான் பெரியது. கடற்கொள்ளையர் மேசையில் பாதி நீர். அந்த நீரில் மிதக்கும் கப்பலின் மேல்தளத்தில்தான் வாளும் துப்பாக்கியுமாகச் சண்டை நடக்கிறது. தளத்தின் ஓரத் தடுப்பு மறைவு தருகிறது, பாய்மரம் பார்வையை மறைக்கிறது, பின்மேடை உயரம் தருகிறது. மேலே சொன்ன இலக்கணப்படி கப்பல் முழுக்க முழுக்க டெரெய்ன். ஆனால் அது உலர்ந்த இடமும் அல்ல. ஓரிடத்தில் நிற்பதும் அல்ல. 'நிலம்' என்ற சொல்லை 'நில்' என்ற வேரோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. காற்று திரும்பினால் டெரெய்னே பன்னிரண்டு அங்குலம் நகர்ந்துவிடுகிற ஆட்டத்துக்கு, லத்தீன் வேரும் உதவாது, நில்லும் உதவாது.

எனக்குத் தோன்றும் சொல் 'களம்'. நெல் அடிக்கிற இடம் களம், போர் நடக்கிற இடம் களம், ஆடுகிற இடம் ஆடுகளம். மண்ணா மரமா என்று களம் கேட்பதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். விதியில் வேலை செய்வதுதான் டெரெய்ன் என்று சொன்னோமே, அதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொரு கொசுறும் கிடைக்கிறது. பழந்தமிழில் கப்பலுக்குக் 'கலம்' என்று பெயர். மரக்கலம் என்பதில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒற்றை லகரம் ளகரமாவதுதான் வித்தியாசம். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கடற்கொள்ளையர் மேசையில் கலமே களம்.

மேசைமேல் அமைத்த மொத்தத்துக்கும் 'களம்', ஒவ்வொரு துண்டுக்கும் 'களப்பொருள்' என்று வைத்துக்கொண்டால் எண்ணவும் முடிகிறது: நாலு களப்பொருள், ஒரு பெரிய களப்பொருள். பீப்பாய், மரப்பெட்டி, கயிற்றுச் சுருள், கவிழ்த்த படகு என்று அங்கங்கே தூவி வைக்கும் சின்னச் சாமான்களை ஆங்கிலத்தில் 'ஸ்கேட்டர் டெரெய்ன்' என்பார்கள். 'சிதறல் நிலம்' என்று மொழிபெயர்த்தால் எரிகல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது. நம்மிடம் 'உதிரி' இருக்கிறது: உதிரிப்பூ, உதிரிப்பாகம். 'உதிரி' என்றாலே போதும்.

இந்த உதிரிகளின் பெயர்களிலேயே கடல் வாசம் அடிக்கிறது. 'பீப்பாய்' போர்ச்சுகீசியரின் 'பீப்பா'. அதை வைத்திருக்கும் 'மேசை'யும் அவர்கள் இறக்கிய சரக்குதான். 'பீரங்கி'யைப் 'பறங்கி'யோடு சேர்த்துச் சொல்வார்கள். 'பக்கனீர்' என்ற கொள்ளையர் பெயரே ஓர் உதிரியிலிருந்து வந்தது. கரீபியன் கடலின் ஹிஸ்பானியோலா தீவில் மாட்டையும் பன்றியையும் வேட்டையாடித் திரிந்த பிரெஞ்சுக்காரர்கள், குச்சிகளால் பரண் கட்டி அதன்மேல் இறைச்சியைப் புகையூட்டினார்கள். தென் அமெரிக்கப் பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்த பெயர் அந்தப் பரணுக்கு: 'பூக்கான்'. பரண்காரன் 'பூக்கானியே' ஆனான், பிறகு பக்கனீர் ஆனான். நான்கு பல்குத்தும் குச்சியும் கொஞ்சம் நூலும் இருந்தால் அந்தப் பரணை மேசையில் கட்டிவிடலாம். மறைவு பெரிதாகத் தராது. ஆனால் கதை தரும்.

கடற்கரைக் களப்பொருள்களுக்கு நான் புதுச்சொல் தேடுவதே இல்லை. அலை கொண்டுவந்து குவித்த மணல்மேட்டுக்கு 'எக்கர்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. நீரின் நடுவே தலைகாட்டும் சின்ன மணல்தீவு 'திட்டு'. உப்புநீர் உள்ளே புகும் ஓடை 'கழி', அதன் ஓரம் வேர் விரித்து நிற்பது 'கண்டல்'. கடலடிப் பாறைத்தொடருக்கு மீனவர்கள் சொல்வது 'பார்'. இவை ஒவ்வொன்றும் ஆட்டத்தில் தனி விதி கேட்கும். எக்கர்மேல் ஏறினால் நடை குறையும். திட்டில் கப்பல் தரைதட்டும், ஆனால் ஆள் இறங்கி நிற்கலாம். கழியில் துடுப்புப்படகு போகும், பெரிய கலம் போகாது. கண்டலுக்குள் இருப்பவனைப் பார்க்க முடியாது. பார்மேல் மோதினால் அடி உடையும். மேடு, பள்ளம் என்ற பொதுச்சொற்களுக்கும் பழசு வேண்டுமென்றால், நிலத்தைப் பார்த்து ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில் 'மிசை', 'அவல்' இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் மேசையில் "அவலில் நிற்கிறேன்" என்றால் சிரிப்பார்கள். அதனால் பள்ளமே இருக்கட்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகைப் பொம்மைகள் பெரும்பாலும் 28 மி.மீ. உயரம். கரீபியன் கடலை வைத்து வந்த 'பிளட் அண்ட் பிளண்டர்' போன்ற ஆட்டங்களும் இந்த அளவில்தான். 1:56, அதாவது உண்மையில் 56-ல் ஒரு பங்கு என்று கொண்டால், 30 மீட்டர் நீளமுள்ள உண்மைக் கப்பல் மேசையில் 54 செ.மீ. நீளும். ஆறடிக்கு நாலடி மேசையில் அப்படி இரண்டு நின்றால் தீவுக்கு ஏது இடம்? அதனால் விளையாட்டுக் கப்பல்களின் நீளத்தைக் குறைத்துச் செய்வார்கள். மரமும் அப்படித்தான். உண்மையான உயரத்தில் தென்னையை நட்டால், பொம்மையை நகர்த்தப் போகும் கை தோப்பையே சாய்த்துவிடும்.

கடைசியாக, இந்தப் பொழுதுபோக்கில் டெரெய்னோடு ஒட்டியே வரும் இன்னொரு சொல்: 'கம்யூனிட்டி ரிசோர்ஸ்'. குடிசையின் முப்பரிமாண அச்சுக் கோப்பு, வெட்டி மடிக்கும் காகிதக் கிடங்கின் படிவம், கண்ணாடி அட்டையைக் கடலாக்கும் செய்முறை, கோட்டை மதிலின் அளவுத்தாள் என்று ஆடுகிறவர்களே செய்து ஆடுகிறவர்களுக்கே கொடுப்பவை. இதைச் 'சமூக வளங்கள்' என்று எழுதினால் ஏரி, மேய்ச்சல் நிலம் பற்றிய அரசாணை போல ஒலிக்கிறது. ரிசோர்ஸ் என்ற சொல்லுக்குள் 'மறுபடி எழுதல்', அதாவது ஊற்று மேலெழும்புவது போன்ற பொருள் ஒளிந்திருப்பது உண்மைதான். அதற்காக 'ஊற்று' என்றும் போட முடியாது. நான் 'பொதுச்சரக்கு' என்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், திருப்பிப் போடலாம் என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. விற்கக்கூடாது என்று செய்தவர் எழுதியிருந்தால் அதையும் மதிக்க வேண்டும். கொள்ளையர் ஆட்டம் ஆடுகிறோம் என்பது சாக்காகாது.

பொதுச்சரக்கின் உண்மையான மதிப்பு கோப்பில் இல்லை, அதன் ஓரத்தில் எழுதிய குறிப்பில் இருக்கிறது. என் முதல் திட்டை வெள்ளைத் தெர்மாகோலில் வெட்டி, பெருமையோடு நேராக ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன். பெயிண்டில் இருந்த கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிட்டது. தீவு என் கண்முன்னே குழிகுழியாக உள்வாங்கியது. முதலில் பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசையும் மணலும் பூசிக் காயவிட்டு, பிறகு தூரிகையால் வண்ணம் அடிக்க வேண்டும் என்ற ஒரு வரி, நான் படிக்காமல் விட்ட குறிப்பில் இருந்தது. அந்தத் தீவை எறியவில்லை. விளிம்பைச் செதுக்கி, நீலம் பூசி, 'பார்' என்று பெயர் மாற்றி இன்னமும் மேசையில் வைக்கிறேன். இதுவரை மூன்று கலங்கள் அதில் மோதியிருக்கின்றன.