தோல் மிட்டனுக்குள் இருக்கும் காற்று

போன நவம்பரில் கனடாவிலிருந்து கலியாண வீட்டுக்கு வந்த அண்ணா, வந்து இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் சூட்கேசின் அடியில் கிடந்த ஒரு சொப்பிங் பையை வெளியே எடுத்தார். உள்ளே மான்தோலில் தைத்த ஒரு சோடி மிட்டன், அதாவது பெருவிரலுக்கு மட்டும் தனி அறை வைத்து மற்ற நான்கு விரலையும் ஒன்றாகப் போட்டு மூடும் குளிர்க் கையுறை. வட ஒன்ராறியோவில் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போய் வந்த கையோடு, ஈரம் காயாமலேயே சுருட்டிக் கட்டியிருக்கிறார். கொழும்பு வெள்ளவத்தையில் அந்த மாதம் பின்னேரமானால் மழை. பையை அவிழ்த்ததும் புளித்த மணம், தோலின் மேல் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம். "எறிஞ்சுபோட்டு வேறை வாங்கு ராசா" என்றார் அம்மா. அண்ணாவுக்கு மனம் வரவில்லை, ஆறு குளிர்காலம் கூட வந்த மிட்டன் அது. சரி, நான் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்தேன். அதைத் துப்புரவாக்கப் போய்த்தான் இந்தப் பொருளுக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மிட்டன் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு வருவது நம் இரத்தத்திலிருந்து, அதைத் தப்ப விடாமல் பிடித்து வைப்பது உள்ளே சிக்கியிருக்கும் அசையாத காற்று. தோலின் வேலை வெளிக் காற்றும் பனியும் உள்ளே புகாமல் தடுக்கும் சுவர் வேலை மட்டுமே. கம்பளி, செம்மறியாட்டு மயிர், தின்சுலேட் போன்ற செயற்கை இழை எல்லாமே காற்றைச் சின்னச் சின்னக் கூட்டுக்குள் அடைத்து வைக்கும் வழிகள்தான். அந்தக் கூடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எல்லாம் போச்சு, ஏனென்றால் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

விரல் பிரித்த கையுறையைவிட மிட்டன் ஏன் கதகதப்பானது என்பதற்கு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையே போதும். இடியப்பத்தையும் பிட்டையும் ஒரே நேரத்தில் இறக்கி வையுங்கள். இடியப்பம் சட்டென்று ஆறிவிடும், குழலிலிருந்து தள்ளிய பிட்டு உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும். மெல்லிய இழை ஒவ்வொன்றும் தன் சுற்றுப்புறம் முழுவதாலும் சூட்டை இழக்கிறது. தனித்தனி உறைக்குள் போன விரலின் கதியும் அதுதான். மிட்டனுக்குள் நான்கு விரலும் ஒட்டிக்கொண்டு ஒன்றின் சூட்டில் மற்றது குளிர்காயும்.

விரல்கள் இவ்வளவு சீக்கிரம் விறைப்பதற்கு உடம்பே காரணம். குளிர் பட்டதும் நெஞ்சையும் மூளையையும் காப்பாற்ற, கைக்குப் போகும் இரத்தக் குழாய்களை உடம்பு இறுக்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் போனதும் குழாய்கள் தாமாகவே திறந்து விரல் சிவக்கும், பிறகு மறுபடி மூடும், மறுபடி திறக்கும். 1930இல் இதை விவரித்த பிரித்தானிய மருத்துவர் தோமஸ் லூயிஸின் பெயரோடு சேர்த்து, ஆங்கிலத்தில் இதற்கு "வேட்டை எதிர்வினை" என்றே பெயர். காட்டு வேட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை, சரியான நிலையைத் தேடி இப்படியும் அப்படியும் அலைவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஆனால் உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்து போயிருந்தால் இந்தத் திறப்பு பலவீனமாகிவிடும். அதனால்தான் கை விறைத்தால் தொப்பியைப் போடு, ஜக்கெற்றை மூடு என்று குளிர்நாட்டில் சொல்கிறார்கள். எத்தனை விலை கொடுத்து வாங்கிய மிட்டனும் நடுங்கிக்கொண்டிருக்கும் உடம்பில் உதவாது.

வேட்டைக்காரருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதிகாலையில் துவக்கைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஒரு மணிநேரம் நடந்தால் வியர்க்கும், அப்புறம் ஒரு மரத்தடியில் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். நடக்கும்போது உள்ளுறை குடித்த வியர்வை, உட்காரும்போது கையின் சூட்டை உறிஞ்சும். இதற்கு அண்ணா செய்வது, நடக்கும்போது மெல்லிய கம்பளிக் கையுறை மட்டும், மிட்டன் பையில். இடத்தில் போய் இருந்த பிறகுதான் அதைப் போடுவது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீராவியை வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது, அதனால் அது அந்த வேலைக்குப் பொருத்தம்.

வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது, உள்ளுறை தனியாகக் கழன்று வருமா என்பதைத்தான். தைத்து ஒட்டிவிட்ட உள்ளுறை ஓர் இரவில் காயாது. கழன்று வந்தால் இரண்டையும் தனித்தனியே காய வைக்கலாம், ஒன்று நனைந்தால் இன்னொன்றைச் செருகலாம். அடுத்தது அளவு. உள்ளுறையோடு போட்டுப் பார்த்து முஷ்டி மடக்க வேண்டும், விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்க வேண்டும். இறுகப் பிடித்தால் காற்று நசுங்கிவிடும், காற்றில்லாத இழை வெறும் துணி. மணிக்கட்டைத் தாண்டி ஜக்கெற்றின் மேல் ஏறும் நீளமும் அவசியம், அங்கே இரத்தக் குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. தின்சுலேட்டில் 40, 100, 200 கிராம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீற்றர் இழையின் எடை, மிட்டனின் எடை இல்லை.

எந்தத் தோல்? மாட்டுத்தோல் தடிப்பு, உரசலைத் தாங்கும், ஆனால் குளிரில் விறைக்கும். மான்தோல் அவ்வளவு முரட்டுத்தனத்தைத் தாங்காது, ஆனாலும் கைக்கு வளைந்து கொடுக்கும், நனைந்து காய்ந்தாலும் மென்மை அவ்வளவாகப் போகாது. உட்கார்ந்திருக்கும் வேட்டைக்கு நான் மான்தோல் பக்கம்தான். இன்னொன்று, தடித்த மிட்டன் விரலைத் துவக்கின் விசைக்குள் நுழைக்கவே கூடாது, எப்போது அழுத்தினோம் என்றே தெரியாது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டால் சுடும் நேரத்தில் உதறிவிட்டு மெல்லிய கையுறையோடு பிடிக்கலாம். வெறுங்கையால் உலோகத்தைத் தொடுவதும் வேண்டாம், அது விரலின் சூட்டை ஒரே இழுப்பில் இழுத்துவிடும்.

இனிப் பராமரிப்பு. பறையை நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தோல் எப்படித் தண்ணீரைக் குடிக்கும், விடும் என்பது புதிதில்லை. தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். பச்சைத்தோல் காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். பதனிடுவது நார்களுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிரித்தும் பிணைத்தும் வைக்கும் வேலை. கடுக்காயையும் ஆவாரம் பட்டையையும் நம்மவர்கள் அதற்குத்தான் பயன்படுத்தினார்கள், வாயைச் சுருக்கும் அந்தத் துவர்ப்புப் பொருளே நாரைப் பிடிக்கிறது. கனடாவின் பூர்வகுடிகள் தோலைப் புகையில் பிடிப்பார்கள். புகையிலுள்ள ஆல்டிஹைடுகள் நாரைப் பிணைப்பதால், அந்தத் தோல் நனைந்து காய்ந்த பிறகும் மெத்தென்று இருக்கும். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்டது.

ஈரத் தோலை ஹீட்டர் மேலோ அடுப்பின் பக்கத்திலோ வைப்பதுதான் பெரிய தவறு. தாவரத் துவர்ப்பில் பதனிட்ட தோல் நனைந்திருக்கும்போது 70, 80 பாகை செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கும். குரோமியத் தோல் 100 பாகை வரை தாங்கினாலும், அவசரமாகக் காயும்போது உள்ளேயுள்ள எண்ணெய் இடம்பெயர்ந்து முறமுறப்பாகும். உள்ளுறையைக் கழற்றி, தோலைத் துவாயால் ஒற்றி, சாதாரண அறைச் சூட்டில் விட வேண்டும். அரைவாசி காய்ந்ததும் மாவு பிசைவதுபோல் பிசைந்து கொடுத்தால் நார்கள் ஒட்டாது. முழுக்கக் காய்ந்த பிறகு தேன்மெழுகு கலந்த பூச்சை மெல்லிசாக, தையலில் கொஞ்சம் கூடுதலாகத் தடவலாம். அதிகம் தடவினால் எண்ணெய் உள்ளுறைக்கு இறங்கும், வியர்வை வெளியேறும் வழியும் அடைபடும். கம்பளி உள்ளுறையை இளஞ்சூட்டு நீரில், காரமில்லாத சவர்க்காரத்தில் அமுக்கி எடுக்க வேண்டும், கசக்கினால் இழையின் செதில்கள் மாட்டிச் சுருங்கிவிடும்.

கொழும்புக்கு வருவோம். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குப் போதும், இங்கே வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான். தோலிலுள்ள எண்ணெயும் வியர்வையும் அதற்குச் சாப்பாடு. பொலித்தீன் பை அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு இல்லை.

நான் மூக்கைக் கட்டிக்கொண்டு மிட்டன்களை பல்கனிக்குக் கொண்டுபோய் மென்மையான பிரஷால் தட்டினேன், வீட்டுக்குள் தட்டினால் வித்துகள் அலுமாரி முழுக்கப் பரவும். ஐசோபுரோப்பைல் அற்ககோலும் தண்ணீரும் சரிசமமாகக் கலந்து, முதலில் உள்மடிப்பில் ஓர் ஓரத்தில் துடைத்துப் பார்த்தேன். நிறம் போகவில்லை என்றதும் முழுக்கத் துடைத்து, வெயில் படாமல் ஃபேன் காற்றில் மூன்று நாள். அப்புறம் பிசைந்து மெழுகு பூசினேன். வலது பெருவிரலில் ஒரு சாம்பல் திட்டு மட்டும் போகவேயில்லை.

அண்ணா திரும்பிப் போகும்போது அம்மா தன் பழைய பருத்தித் தலையணை உறை ஒன்றைக் கொடுத்து, அதற்குள் போட்டுக் கைப்பையில் வைக்கச் சொன்னார்.