பயந்தவர் எல்லாம் மறுதலித்தவர் அல்ல

மனநல ஆலோசகராக நான் சந்திக்கிற கிறிஸ்தவர்களில் நிறையப் பேர், விசுவாசத்துக்காக வீட்டிலோ வேலையிலோ நெருக்கடி வந்த கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே வார்த்தையில்தான் வந்து நிற்பார்கள்: "நான் கோழை." நெருக்கியவர்கள் மேல் அவர்களுக்குக் கோபம் குறைவு, தங்கள் மேல்தான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பெண் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர், வீட்டில் யாருக்கும் தெரியாது. சபை வாட்ஸ்அப் குழுவுக்கு ஆபீஸ் பெயர் ஒன்றை வைத்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது போன் ஒளிர்ந்தாலே கை தானாகப் போய் அதைக் கவிழ்த்து வைத்தது, என் அறையில் வேறு யாரும் இல்லாதபோதும். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அண்ணன் சாதாரணமாக, "நீ சர்ச்சுக்குப் போறியாமே?" என்று கேட்டிருக்கிறார். "சேச்சே, யார் சொன்னது?" என்று வாயில் வந்துவிட்டது. அதற்கப்புறம் பல வாரங்கள் அவரால் ஜெபிக்க முடியவில்லை.

உடம்பு என்ன செய்தது என்று பாருங்கள். நமக்கு நெருக்கமானவர்கள் நம்மை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தை மூளை ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இதயம் வேகமெடுக்கும், வாய் உலரும், நிதானமாக யோசித்துப் பதில் சொல்லும் திறன் அந்த நேரத்தில் குறையும். அப்போது எது சுலபமோ அதுதான் வாயில் வரும். இது விசுவாசத்தின் அளவைக் காட்டும் கருவி இல்லை.

இயேசுவின் சீடர் பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவைப் பிடிக்க ஆயுதங்களோடு ஒரு கூட்டமே வந்தபோது பட்டயத்தை உருவியவர் அவர். அதே இரவில், குளிருக்கு நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த இடத்தில், நீயும் இயேசுவோடு இருந்தவன்தானே என்ற ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன்னால், இல்லை என்று மறுதலித்து விழுந்துவிட்டார். பெரிய சண்டைக்கு அவர் தயாராக இருந்தார், சின்னக் கேள்விக்குத் தயாராக இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கும் இப்படித்தான் நடக்கிறது. நெருக்கடி அரிதாகத்தான் பட்டயத்தோடு வருகிறது, மற்றபடி சாப்பாட்டு மேஜையிலும் டீ இடைவேளையிலும் பாதிச் சிரிப்போடு கேட்கப்படும் ஒரு கேள்வியாக வருகிறது.

ஆகவே அந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்யச் சொல்வேன். ஒன்றே ஒன்று. சின்னதாக, உண்மையாக, விவாதத்துக்கு இழுக்காததாக. "ஆமாம், நான் இயேசுவை நம்புகிறேன், உங்கள் மேல் எனக்கு இருக்கிற பாசம் அப்படியேதான் இருக்கிறது." மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முதல் தடவை "ஆமாம்" என்ற சொல்லிலேயே குரல் உடைந்தது. திரும்பத் திரும்பச் சொன்னபோது வேகம் குறைந்தது, தோள்கள் இறங்கின. மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டுப் பேசத் தொடங்குவதும் உதவும். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று நிருபத்தில் எழுதியவரும் அதே பேதுருதான் என்பதை மறக்காதீர்கள்.

வேலையிடத்து நெருக்கடி வேறு மாதிரி. நடக்காத செலவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், மறுத்தால் "பெரிய பக்திமான்" என்ற பட்டம் கிடைக்கும். இங்கே நான் பாபிலோன் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலைத்தான் காட்டுவேன். ராஜாவின் உணவு வேண்டாம் என்று உள்ளுக்குள் தீர்மானித்தவர் மேஜையைத் தட்டவில்லை, 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்று பொறுப்பாளரிடம் மரியாதையாகக் கேட்டார். "இதில் நான் கையெழுத்திட முடியாது, சரியான கணக்கை மாலைக்குள் நானே தயாரித்துத் தருகிறேன்" என்று சொல்வதும் அந்த வகைதான். எல்லா மேலதிகாரியும் ஒத்துக்கொள்வார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன். வேலை போகவும் கூடும், அதையும் கணக்கில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

தனியாக நிற்காதீர்கள், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லும் எளிய சோதனைகளை நடத்தினார். கூட இருந்தவர்கள் எல்லாரும் ஏற்பாட்டின்படி தப்பான பதிலைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தக் கூட்டத்தோடு ஒத்துப்போனது. ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னதும் அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரே ஒருவர் போதும்! உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும், கஷ்டமான பேச்சுக்கு முன்னால் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று செய்தி அனுப்ப, பேசி முடித்ததும் அழுவதற்கு.

அடி, மிரட்டல், வீட்டில் அடைத்து வைப்பது என்று போனால் நான் சொன்ன வாக்கியப் பயிற்சி எதுவும் முதலில் வேண்டாம், பாதுகாப்புதான் முதலில். நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், தங்க ஓர் இடம் பாருங்கள், அடையாள ஆவணங்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சட்ட உதவி கேளுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசுவேதான். தப்பிப்பது மறுதலிப்பு இல்லை.

போதகர்களிடமும் சபையாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வந்தவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும், அவருடைய ஞானஸ்நானப் படத்தைக் கேட்காமல் பகிர்வதும் அவர் வீட்டில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவருடைய முடிவு. யூதத் தலைவர்களில் ஒருவரான நிக்கொதேமு முதலில் இயேசுவிடம் இரவில்தான் வந்தார், பிறகு ஆலோசனைச் சங்கத்தாரிடம் நியாயம் கேட்டார், சிலுவைக்குப் பின் இயேசுவை அடக்கம் செய்ய வெள்ளைப்போளம், கரியபோளம் என்ற வாசனைப் பொருள்களைக் கலந்து சுமந்துகொண்டு வந்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

யாராவது வந்து "நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்" என்றால், ஏன் அப்படிச் செய்தாய் என்று ஆரம்பிக்காதீர்கள். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா, தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். பேதுரு விழுவதற்கு முன்பே, அவருடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சொன்ன இடத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அப்புறம், அவர் கிளம்புவதற்கு முன்னால், மறுபடி எப்போது சந்திக்கலாம் என்று நீங்களே கேட்டு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்கத்தில் இருப்பவர் தானாகத் திரும்பி வந்து கதவைத் தட்ட மாட்டார்.